தெலுங்கு தெரியும் என்று எழுதலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்து போனை நீட்டினாள். "மாமா, ரெஸ்யூம் ரெடி பண்ணிட்டேன். ஒருக்கா பாத்துச் சொல்லுங்க." பி.காம். முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். நாமக்கல்லில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் கணக்கு எழுத ஆள் கேட்டிருந்தார்கள்.

படித்தேன். இங்கிலீஷ் வழவழவென்று இருந்தது. டைனமிக், ரிசல்ட்ஸ் டிரிவன், டீம் ப்ளேயர் என்று இரண்டு பக்கம். பெயரை மட்டும் மாற்றினால் திருச்செங்கோட்டிலோ சங்ககிரியிலோ பி.காம். படித்த எந்தப் பிள்ளைக்கும் அது பொருந்தும். எங்கள் பிள்ளை அதில் எங்கேயும் இல்லை.

"யாரு கண்ணு எழுதுனது?"

"ஏஐதான் மாமா. பி.காம்., டேலி தெரியும், வேலை வேணும்னு போட்டேன். ஒரு நிமிசத்துல குடுத்துருச்சு."

இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற வீடுகளில் ரெஸ்யூம் எழுதித் தர ஒரு சித்தப்பா ஆபீஸில் இருப்பார், ஒரு அண்ணன் பெங்களூரில் இருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கு பிரவுசிங் சென்டர்தான். அங்கே இருப்பவர் பழைய ரெஸ்யூம் ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுப்பார். இந்த மெஷின் காசு கேட்கவில்லை, இங்கிலீஷ் வராததற்காகச் சிரிக்கவும் இல்லை. அதனால் பயன்படுத்தாதே என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வரி உறுத்தியது. டேலியில் இரண்டு வருட அனுபவம் என்று எழுதியிருந்தது. அவள் போனது மூன்று மாத வகுப்புக்கு. "நான் சொல்லல மாமா, அதுவே போட்டுக்கிச்சு" என்றாள். மற்ற பிள்ளை இப்படி மாட்டிக்கொண்டால் அந்தப் பிள்ளையோடு போகும். எங்கள் பிள்ளை மாட்டினால் 'இவங்களே இப்படித்தான்' என்பார்கள். அந்த வரியை முதலில் அழித்தோம்.

மெஷினை ஒதுக்கிவிட்டுத் தமிழில் கேட்டேன். பொழுதுக்கும் என்ன செய்கிறாய், யாருக்காக, எத்தனை பேருக்கு, எத்தனை நாளாக? அவள் அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவில் 14 பேர். மூன்று வருடமாக அந்தக் கணக்கு நோட்டை எழுதுவது இவள்தான். பேங்குக் கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இரண்டு கோடை விடுமுறையில் கோழிப்பண்ணையில் முட்டை எண்ணிச் சீட்டு எழுதியிருக்கிறாள். தட்டுக்கு 30 முட்டை, உடைந்தது தனி, லோடு தனி. எங்கள் தெருவில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடக்கும் மாலைப் படிப்பகத்தில் 22 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள்.

"இதெல்லாம் ஏன் அதுகிட்டச் சொல்லல?"

"இதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸா மாமா?"

மொழிகள் என்ற இடத்தில் தமிழ், இங்கிலீஷ் என்று மட்டும் இருந்தது. எங்கள் அருந்ததியர் வீடுகள் பலவற்றில் இன்றும் வீட்டுமொழி தெலுங்குதான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சரளமாகப் பேசுவாள். ஆந்திரா, தெலங்கானா என்று வண்டி ஓடும் டிரான்ஸ்போர்ட்டில், போனில் தெலுங்கு பேசத் தெரிந்த ஆள் எவ்வளவு உதவி! "தெலுங்கு எங்கே?" என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "எப்படித் தெரியும்னு கேப்பாங்க மாமா."

அந்த வரியை மெஷின் விடவில்லை. அவளே அதனிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாள். தெலுங்கு பேசும் வேறு சாதிகளும் இங்கே உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் எழுதினால் அது கூடுதல் தகுதி. எங்கள் பிள்ளை எழுதினால் அது விலாசம்.

எனக்கு 1994 ஞாபகம் வந்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. ராசிபுரம் பக்கத்திலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறிப் போய், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பயோடேட்டா அடித்தேன். முகவரியில் இருந்த 'காலனி' என்ற சொல்லை எடுத்துவிட்டு அஞ்சல் ஊரின் பெயரை மட்டும் போட்டேன். நேர்காணலில் அந்த மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வீடு ஊருக்குள்ளயா, வெளியவா?" வேலை கிடைக்கவில்லை. முப்பது வருடம் மேடை மேடையாகப் பேசிவிட்டேன். ஆனால் அந்தச் சொல்லை என் கையாலேயே எடுத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இது எங்கள் மனப்பிராந்தி என்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. 2007-இல் முடிவு வெளியானது. மேல்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் தனியார் நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்களிடம் பேசி இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். தகுதிதான் முக்கியம் என்று சொன்னவர்களே 'குடும்பப் பின்னணி' கேட்பதையும் வழக்கமாக வைத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் நமக்குப் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. அது பெரிய காரியம். ஆனால் பெயரில் இல்லாததைத் தெருவில் தேடுகிறார்கள், படித்த பள்ளியில் தேடுகிறார்கள், தங்கிய விடுதியில் தேடுகிறார்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஜூலையில் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றம் அறிவித்தார். இரண்டையும் வரவேற்றோம். காகிதத்தில் சொல் மாறும். "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்கும் வாயை எந்த அரசாணை மாற்றும்?

இனி மெஷின் இருக்கிறது, அதற்குச் சாதி தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். 2025-இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ ஒரு செய்தி வெளியிட்டது. ஒரு தலித் சமூகவியல் ஆய்வாளர் தன் விண்ணப்பத்தின் இங்கிலீஷைச் சரிசெய்ய சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். அது இங்கிலீஷோடு சேர்த்து அவர் பெயரையும் சரிசெய்துவிட்டது, சர்மா என்று! விண்ணப்பத்தில் அவர் குடும்பப் பெயரே இல்லை. மின்னஞ்சல் முகவரியில் இருந்த ஓர் எழுத்தை வைத்து அது ஊகித்ததாகத் தெரிகிறது. ஆய்வாளர் என்றால் சர்மாவாகத்தான் இருப்பார் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? நம் சமூகம் எழுதி வைத்ததைப் படித்துத்தானே அது வளர்ந்தது.

'ரெஸ்யூமில் உங்கள் தனித்தன்மை தெரியட்டும், உங்கள் சொந்தக் கதையைச் சேருங்கள்' என்று வேலைக்கு வழிகாட்டுபவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் சொந்தக் கதையைச் சொன்னால் எங்கள் பிள்ளைக்கு வேலை போகலாம். சொல்லாமல் விட்டால் வேலைக்குத் தகுதியான விஷயங்களும் சேர்ந்து போகின்றன. அண்ணல் கொலம்பியாவில் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். தங்க இடமில்லாமல் பார்சி பெயரில் ஒரு விடுதியில் இருந்தார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். மறைத்ததற்காக அவரை யாராவது குறை சொல்ல முடியுமா? மறைத்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை என்பதையும் மறக்க முடியாது.

அன்றைக்கு மாலை நாங்கள் இப்படிச் செய்தோம். செய்த வேலை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு தமிழில் எழுதினோம். அதைப் போனில் போட்டு, 'இதில் இல்லாத எதையும் சேர்க்காதே, எளிய இங்கிலீஷில் மாற்று' என்று கேட்டோம். ஒரு பக்கம் வந்தது. ஒவ்வொரு வரியையும் அவளை வாய்விட்டு விளக்கச் சொன்னேன். விளக்க முடியாத சொல்லை எடுத்தோம். முகவரியில் ஊரும் பின்கோடும் போதும் என்று முடிவு செய்தோம். தெலுங்கு, பேச மட்டும் என்று அவளே சேர்த்தாள்.

படிப்பகம் வந்தபோது நான்தான் தயங்கினேன். "மாலை வகுப்புன்னு மட்டும் போட்டா போதுமா கண்ணு?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பேரு இருக்கட்டும் மாமா. கூப்பிட்டு உக்கார வச்சு அப்புறம் மூஞ்சி மாறுறதுக்கு, கூப்பிடாமயே இருக்கட்டும்."

பத்து நாள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது. தெலுங்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "வீட்டுல பேசுவோங்க" என்றாள். "சரி, சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இதை எழுதும் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டால் தகுதி போய்விடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். 14 பேர் கடனை ஒரு தவணை தவறாமல் எழுதிய கைக்கு என்ன தகுதிக் குறைவு?

அவள் அதே ரெஸ்யூமை இன்னும் நான்கு இடங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு வரியையும் மாற்றவில்லை. உங்கள் வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால், மெஷினிடம் போவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: பொழுதுக்கும் என்ன செய்கிறாய் சாமி? அவர்களுக்கே தெரியாமல் அவ்வளவு வேலை செய்திருப்பார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

ஜெய்பீம்.