தேக்கடி ஷட்டர் வரை

மதுரையிலிருந்து குமுளிக்கு உசிலம்பட்டி, தேனி வழியாகப் போவதுதான் வழக்கம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நாங்கள் அந்தச் சாலையை விட்டுவிட்டு வைகைக் கரையைப் பிடித்து மேலே ஏறினோம். ஆம்னி வேனின் பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டிருந்தோம். ஒரு ஸ்டவ், இரண்டு தண்ணீர்க் கேன், மாற்றுத்துணி, அவ்வளவுதான். நம் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீர் புறப்படுகிற இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை.

கோச்சடை தாண்டியதும் நகரம் விலகுகிறது. துவரிமான், மேலக்கால், பிறகு சோழவந்தான். தென்னந்தோப்புகளுக்கு நடுவே வெற்றிலைக் கொடிக்கால்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை இது. அகத்தி நிழலில் கொடி ஏறி நிற்க, கீழே மண் எப்போதும் நசநசவென்று ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரம் போனால் வெற்றிலையும் போய்விடும்.

அணைப்பட்டிக்குப் பக்கத்தில் பேரணை. பெரியாறு பிரதானக் கால்வாய் இங்கே பிரிந்து, வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாக மேலூரை நோக்கிப் போகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மேலூர்க்காரர்கள் மறியலில் உட்காரும்போது அவர்கள் கேட்பது இந்த நீரைத்தான். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை அடுத்து வருகிறது. 71 அடி கொள்ளும். 66 அடியைத் தொட்டதும் கரையோர ஊர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். ஆனால் வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையை மட்டும் நம்பியிருந்தால், அந்த எச்சரிக்கைக்கு அநேக வருஷங்களில் வேலையே இருக்காது. முல்லைப்பெரியாறு தேனி அருகே வந்து கலப்பதால்தான் அணைக்கு உயிர்.

தேனியிலிருந்து மேற்கே திரும்பினால் நிலத்தின் நிறமே மாறுகிறது. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று சாலையோடு ஆறும் கூடவே வருகிறது. பழனிசெட்டிபட்டி முதல் கூடலூர் வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். அதற்கு மேல் மேட்டில் திராட்சைப் பந்தல்கள். கம்பத்துக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் வேனை நிறுத்தித் தூங்கக் கேட்டோம். வாட்ச்மேன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, "அக்காவக் கூட்டிட்டு வந்திருக்கீக, லாரிப் பக்கம் வேணாம்ணே. இந்தா, ஆபீசு ஓரமாப் போட்டுக்கங்க" என்றார். காட்டுக்குள் வேனை நிறுத்தித் தூங்க வனத்துறை விடாது, விடவும் கூடாது. இரவு அந்த இடம் யானைக்கும் கரடிக்கும் உரியது.

லோயர் கேம்ப்பில்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம். மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் நேராக இறங்குகின்றன. மேற்கே கேரளத்துக்குள் ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய பெரியாறு, மலையைக் குடைந்த சுமார் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாகத் திரும்பி, இந்தக் குழாய்களில் விழுந்து, டர்பைனைச் சுற்றிவிட்டு, நுரையோடு தமிழ்நாட்டு வாய்க்காலில் வெளியே வருகிறது. கையை வைத்தால் ஐஸ் மாதிரி குளிர்ச்சி. "ஏங்க, நாம ஊருக்குத் திரும்புறதுக்குள்ள இந்தத் தண்ணி மதுரைக்குப் போயிருமா?" என்று மனைவி கேட்டாள். போகாது. வைகை அணையில் தேங்கி, திறக்கும் நாளுக்குக் காத்திருக்கும்.

ஆற்றை இப்படித் திருப்புவதற்கான ஒப்பந்தம் 1886-இல், 999 ஆண்டுக் குத்தகையாக, திருவிதாங்கூருடன் போடப்பட்டது. பொறியாளர் பென்னிகுவிக்கின் மேற்பார்வையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. காலராவுக்கும் மலேரியாவுக்கும் பலியான கூலித் தொழிலாளர்கள் அந்தக் காட்டிலேயே புதைந்தார்கள். பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். அது முழுக்க நியாயம். அந்தப் பெயரில்லாத கூலிகளுக்கும் ஒரு பானை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மலைப்பாதை ஏறிக் குமுளி. வேனை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் தேக்கடி ஏரிக்குப் போக முடியும். படகு கிளம்பியதும் முதலில் கண்ணில் படுவது, தண்ணீரைக் கிழித்து நிற்கும் கருத்த மரக்கட்டைகள். அணை கட்டி நீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நீர்க்காகங்கள் அவற்றின் மேல் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. நம் நெல்லுக்காக ஒரு காடு முங்கியது என்பதை அங்கே மறக்க முடியாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. 104 அடிக்குக் கீழே போனால் தேக்கடி ஷட்டர் வழியாகச் சுரங்கத்துக்குள் ஒரு சொட்டும் ஏறாது. இந்த இடைவெளியில் இருக்கும் தண்ணீரை நம்பித்தான் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்கள் இருக்கின்றன.

மதுரையிலிருந்து தேக்கடிக்குப் படகு சவாரிக்குப் போகிறவர்களே, லோயர் கேம்ப்பில் ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். பிள்ளைகளைக் கையோடு கூட்டிப்போய் அந்தக் குழாய்களைக் காட்டுங்கள். சாப்பிட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கை மட்டும் அந்த ஆற்றில் போடாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.