கழுத்துப்பட்டையா, மார்புப்பட்டையா?



மார்க்கச் சட்டம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தொழுகை, ஜகாத், வாரிசுரிமை பற்றியே கேட்பார்கள். சென்ற மாதம் வெம்பாக்கத்தில், என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் அத்தா கேட்டது வேறு. "ஹஜ்ரத், நாய்க்குக் கழுத்தில் பட்டை போடுவது நல்லதா, மார்போடு சேர்த்துப் போடுகிற ஹார்னஸ் நல்லதா?" என்றார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஏன் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அவருக்கு ஊருக்கு வெளியே வேர்க்கடலை நிலமும் சில ஆடுகளும் உண்டு. காவலுக்குச் சிப்பிப்பாறை நாய் ஒன்று வைத்திருக்கிறார். ஃபஜ்ருக்குப் பின் மக்தபுக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த நிலத்தை ஒட்டியே பாதை. ஒருநாள் அவர் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கையில், அது பின்னோக்கி இழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிற்று. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அஞ்சி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். நாய் கடிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அன்று முதல் அவள் ஓத வரவில்லை. நாயை விரட்டிவிடு என்றனர் சிலர். குட்டைச் சங்கிலியில் இரவும் பகலும் கட்டிப்போடு என்றனர் வேறு சிலர்.

விரட்டச் சொல்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை. தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்ற நபிமொழியிலேயே, வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. இவருடைய நாய் அந்த விலக்குக்குள் அடங்கும். குட்டைச் சங்கிலி யோசனையும் சரியன்று. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டிப்போடும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் அதே பிரிவில் குற்றமே. அதற்காகக் கயிறின்றி விட்டுவிடவும் முடியாது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே நடத்திச் செல்ல வேண்டும். பிடித்துக்கொண்டு செல்ல வேண்டும். எதைக் கொண்டு பிடிப்பது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் நான் மாணவர்களுக்கு நடத்தும் ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. பயணம் ஒன்றில், ஒட்டகங்களின் கழுத்தில் வில் நாணாலான மாலை எதுவும் இருக்கக் கூடாது, அறுத்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவிக்கச் செய்தார்கள். அபூ பஷீர் அல்அன்ஸாரி (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கண்ணேறு கழிக்க அதைக் கட்டினார்கள், அந்த நம்பிக்கையை ஒழிக்கவே இக்கட்டளை என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் விளக்கம். அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களைச் சார்த்திச் சொல்லப்படும் விளக்கம் வேறு: விரைந்து ஓடும்போது அந்த நாண் கழுத்தை நெரித்துவிடக் கூடாது என்பதே காரணம். கழுத்தில் எதையும் அணிவிக்கவே கூடாது என்பதில்லை. குர்பானிப் பிராணிகளுக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் கம்பளியால் மாலை திரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாண் மெல்லியது, வலியது, அறுக்கும். கம்பளி அப்படியன்று.

இன்றைய கால்நடை மருத்துவமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. கழுத்துப்பட்டையோடு நாய் முன்னோக்கி இழுக்கும்போது கண்ணினுள் அழுத்தம் கூடுகிறது, மார்புப்பட்டையில் அவ்வாறு கூடுவதில்லை என்று அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. மூச்சுக்குழலும் கழுத்தில்தானே இருக்கிறது.

அதனால் எல்லா நாய்க்கும் ஹார்னஸ்தான் என்று சொல்லிவிடலாமா? சிப்பிப்பாறைக்கு அதிலும் சிக்கல் உண்டு. ஒடுங்கிய தலை, ஏறத்தாழ அதே பருமனில் கழுத்து. ஆகவே சாதாரணப் பட்டை உருவிக்கொள்கிறது. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. ஆகவே சாதாரண ஹார்னஸிலிருந்தும் பின்வாங்கி வெளியேறிவிடும். விலா எலும்புகளுக்குப் பின்னால் இடுப்பைச் சுற்றி மூன்றாவது வார் ஒன்று உள்ள ஹார்னஸ் இவ்வகைக்குப் பொருந்தும். கயிறு மாட்டும் வளையம் முதுகில் மட்டும் இருந்தால், நாய் உடல் முழுவதையும் கொடுத்து இழுக்கும். பனிநாட்டில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு முதுகுப் பக்கம் பூட்டுவதும் அதனால்தான். நெஞ்சில் வளையம் இருந்தால், இழுக்கும்போது அதன் உடலே நம் பக்கம் திரும்பிவிடும். வாருக்கும் உடம்புக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும். நடை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்; இல்லையேல் முன்னங்காலின் அக்குளில் உரசிப் புண்ணாகும்.

கழுத்துப்பட்டையே வேண்டுமென்றால் அகலமானதாக, தலை உருவாத அளவுக்கு மட்டும் இறுகி அங்கேயே நின்றுவிடும் வகையாகப் பார்த்து வாங்கலாம். இழுக்க இழுக்க இறுகும் சங்கிலிச் சுருக்கு வேண்டவே வேண்டாம்.

கடைச் சரக்கின் விலையைக் கேட்டு மலைத்தவர், ஆரணிப் பட்டு நெய்யும் தம் நண்பரிடம் போனார். ஊடும் பாவும் அறிந்த அந்த நெசவாளர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "கயிறு ஒரே கோட்டில் அறுக்கும் பாய், நாடா பரவித் தாங்கும். இரண்டு விரல் அகலப் பருத்தி நாடாவை இரண்டாக மடித்துத் தையுங்கள்." அப்படியே தைத்தாயிற்று, கொக்கிகள் மட்டும் கடையில் வாங்கியவை.

இன்னொரு கேள்வி மிஞ்சியது. ஹார்னஸ் நாயின் உடம்பில் அதிகம் படுகிறதே, கைபட்டால் உளூ முறியுமா? முறியாது. நஜீஸ் படுவது உளூவை முறிக்காது. பட்ட இடத்தைக் கழுவ வேண்டும், அவ்வளவே. ஷாஃபிஈ மத்ஹபில், நாயோ பட்டையோ ஈரமாக இருக்கையில் கை பட்டால், ஒருமுறை மண் கலந்த நீரோடு சேர்த்து ஏழுமுறை கழுவ வேண்டும். இரண்டும் உலர்ந்திருந்தால் தேவையில்லை. ஹனஃபி மத்ஹபில் எச்சில்தான் நஜீஸ். மழையில் நனைந்த பட்டையால் மட்டும் கை அசுத்தமாகாது. மாலிக்கி மத்ஹபில் சட்டம் இன்னும் இலகு. நடத்திச் செல்வதற்கென ஒரு சட்டையை ஒதுக்கி வைத்துக்கொண்டால் மனத்துக்கும் நிம்மதி.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுமாறும், எந்த நாய் கடித்தாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுமாறும் மக்தபில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

நாய் இப்போது பிள்ளைகள் வரும் நேரத்தில் வெளியே வருவதில்லை. அஸருக்குப் பின்தான் நடை. அந்தச் சிறுமி இன்னும் ஓத வரவில்லை. அவளுடைய பாட்டியார் வியாழக்கிழமை அவளை அழைத்துவந்து, வேலிக்கு இப்பால் நின்று அந்தப் புதிய பட்டையைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ்.