அப்பாவுக்கு ஒரு ரெண்டடுக்கு புட்டிங்

"சுகர் ஃப்ரீ"ன்னு டப்பாவில் போட்டிருந்தா சர்க்கரைக்காரங்க தாராளமா சாப்பிடலாம்னு நினைக்கிறவங்க நிறைய பேர். பி.காம் படிக்கிற எனக்கு அது "வரி தனி"ன்னு பொடி எழுத்தில் போட்ட விலைப்பட்டியல் மாதிரிதான் தெரியுது. சர்க்கரை போடலை, சரி. உள்ளே இருக்கிற மைதாவும் முந்திரியும் எந்தக் கணக்கில் வரும்? மாவுச்சத்தும் வயித்துக்குள்ள போனா குளுக்கோஸ்தானே! 100 கிராம் முந்திரியில் மட்டும் சுமார் 30 கிராம் இருக்கு.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் எங்கப்பா. ரெண்டு வருஷமா சர்க்கரை. வீட்டில் பாயசம் வெச்சா, "ஒரு போன் பேசணும்"னு மொட்டைமாடிக்குப் போயிடுவார். போன் டேபிள் மேலேயே கிடக்கும்.

அதான், போன ஞாயித்துக்கிழமை களத்தில் இறங்கிட்டேன். அடுக்கு நிக்கணும்னா கடல்பாசிப் பவுடர்தான் சரி (கடையில் சைனா கிராஸ்னு கேளுங்க). பெரும்பாலும் நார்ச்சத்து. சுமார் 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகிடும், மறுபடி உருக 85 டிகிரி வேணும். அதனால மேலே இளஞ்சூடா ஊத்தினாலும் கீழ் அடுக்கு கரையாது.

முதல் அடுக்கு: தண்ணி கலந்த டிகாக்ஷன் ஒரு கப், கடல்பாசி ஒரு டீஸ்பூன். நல்லா கரையுற வரைக்கும் கொதிக்க விட்டு, ஸ்டீவியா சேர்த்து நாலு டம்ளரில் ஊத்துங்க. ஸ்டீவியாவோட கசப்பு காபிக் கசப்பில் காணாமப் போயிடும்.

ரெண்டாவது: 100 மில்லி தண்ணியில் ஒரு டீஸ்பூன் கடல்பாசியைக் கொதிக்க வெச்சு, வெதுவெதுப்பான கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி, ஸ்டீவியா, ஏலக்காய், துளி உப்பு. கீழ் அடுக்கைத் தொட்டா விரலில் லேசா ஒட்டணும். அப்பதான் ஊத்தணும். ரொம்ப இறுகிட்டா ரெண்டும் ஒட்டாம வழுக்கும்.

இப்ப காஸ்ட் ஷீட். அந்தத் தேங்காய்ப்பாலில் மாவுச்சத்து சுமார் 8 கிராம், ஆளுக்கு 2. அதே அளவு கண்டென்ஸ்டு மில்க்னா ஆளுக்கு 20-க்கு மேல! ஆனா கொழுப்பு கம்மி இல்லை, அதனால ஒரு சின்ன டம்ளரோட நிறுத்திக்கணும். மாத்திரை வழக்கம்போல தொடரணும்.

அப்பா டம்ளரைக் காலி பண்ணிட்டு, "டிகாக்ஷன் இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருந்திருக்கலாம்டா"ன்னார். இனிப்பில் அவர் குறை சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு மக்களே. அடுத்த வாரம் ரெண்டு ஸ்பூன் கூடப் போடப்போறேன் :-)