ஆலயத்திற் கூடுதல்

சென்ற ஆவணித் திங்களில் ஓர் இரவு, விடுதி முற்றத்தில் உரையாடிக்கொண்டிருந்தபோது, உடன்பயிலும் நண்பரொருவர் என்னை நோக்கி, "கடவுள் எங்கும் நிறைந்தவர் என்கின்றீர். அங்ஙனமாயின் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்வது எற்றுக்கு? அறையிலிருந்து ஜெபித்தால் அவர் கேளாரோ?" என வினவினார். அவர் கிறிஸ்தவரல்லர்; குறும்பாக வினவியவருமல்லர். யான் ஏதோ ஒரு மறுமொழி கூறி நழுவினேன். இவ்வாண்டு கல்லூரி திறந்தபின் பதினொரு ஞாயிறு யான் ஆலயத்தின் வாயிலை மிதித்திலேன் என்பதை அவர் அறியார்.

அவர் வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆலயத்திற்குச் செல்வோர் அனைவரும் ஆண்டவரை நாடியே செல்கின்றனர் எனின் அது பொய்யாம். புத்தாடையைக் காட்டச் செல்வாரும் உளர். சபைத் தேர்தலுக்கு வாக்குச் சேர்க்கச் செல்வாரும் உளர். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, அதனைப் பொறாமல் தஞ்சை முதலிய இடங்களிற் பலர் சபையை விட்டே நீங்கினர். அவ்வேற்றுமை இன்றும் வேரோடு அற்றுவிட்டதென நெஞ்சறியக் கூற என்னால் இயலவில்லை. இவையெல்லாம் கூட்டத்தின் குறைகள். அறையில் தனித்திருப்பவனுக்கு வாரா. தனிமையின் இனிமை அதுவே. அதன் இடரும் அதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது. தனித்திருப்பவன் பொறுத்துக்கொள்ளவேண்டுவது யாரை?

எங்கள் நெல்லை நாட்டில் சாத்தான்குளத்தை அடுத்து முதலூர் என்றோர் ஊர் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பக்கத்துச் சிற்றூர்களிற் கிறிஸ்துவைப் பற்றிய எளியோர் பலவாறு நெருக்குண்டனர். அவர்தம் ஜெபவீடுகள் அழிக்கப்பட்டன. வீட்டுக் கதவைத் தாழிட்டு வாய்க்குள் ஜெபித்திருந்தால் அவர்களைத் தொட்டிருப்பார் யார்? அவர்களோ 1799-இல், தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் முன்னிற்க, நிலம் வாங்கிக் குடியேறி, கூடித் தொழுவதற்கென ஓர் ஊரையே உண்டாக்கினர். மழைத்தூறலைக் கண்டு ஆராதனையைத் தவிர்க்கும் நாம் அவர்களுடைய பேரர்கள்!

எனினும், யான் இதனைக் கற்றது வரலாற்று நூலிலன்று, என் ஆச்சியிடத்தில். என் தந்தையாரின் தாயாராகிய அவர்களுக்கு, எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் செவிப்புலன் இல்லை. ஆயினும், சமைக்குந்தோறும் ஒதுக்கிவைத்த கைப்பிடி அரிசியை ஒரு சிறு பையிற் கட்டிக்கொண்டு, ஞாயிறு தவறாமல் ஆலயஞ் சென்று, இடப்பக்கத்து மூன்றாந் தூணண்டையில் அமர்வார்கள். "பிரசங்கந்தான் கேளாதே, எதற்குப் போகிறீர்கள்?" என்று சிறுவயதில் ஒருநாள் சைகையோடு கேட்டேன். "ஏ அய்யா, காதுதானே போச்சு. என் இடம் காலியாக் கிடந்தா பக்கத்துல உக்காருறவ என்னமோ ஏதோன்னு பதறுவாளே!" என்றார்கள். அன்று அது எனக்கு நகைப்பாயிருந்தது.

விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது ஆச்சி பிறர் உதடுகளைப் பார்த்தே சொல்லுவார்கள். ஆதலால் எப்போதும் அரையடி பின்தங்குவார்கள். சபையார் அனைவரும் முடித்தபின்னும் அவர்கள் குரல் மட்டும் ஆலயத்திலே தனியே ஒலிக்கும். குருவானவர் பொறுத்திருப்பார், ஆச்சியின் "ஆமென்" வந்தபின்னரே அடுத்த ஜெபம் தொடங்கும். புதிதாக வந்த குருவானவரும் இரண்டொரு வாரத்தில் இவ்வழக்கத்தைக் கற்றுக்கொள்வர்.

2020 மார்ச்சில் கொரோனா நோயினால் ஆலயங்கள் அடைபட்டன. ஆராதனை கைப்பேசித் திரையில் வந்தது. எங்களுக்கு அது போதுமானதாயிருந்தது. ஆச்சிக்கோ அது அசையும் படமேயன்றி வேறன்று. ஞாயிறு காலையில் வெள்ளைச் சேலையுடுத்து, ஆலயம் நோக்கித் திண்ணையில் அமர்ந்திருப்பார்கள், அவ்வளவே.

அடுத்த ஆண்டு மே மாதம், ஆலயங்கள் மீண்டும் அடைபட்டிருந்த நாளில், என் தந்தையார் அந்நோயினால் இறந்தார். அடக்க ஆராதனையில் நின்றவர் மிகச் சிலர். அதன்பின் என்னால் ஜெபிக்கக் கூடவில்லை. ஆலயந் திறந்த ஞாயிறன்று ஆச்சியின் வற்புறுத்தலால் உடன் சென்றேன். சபையார் விசுவாசப்பிரமாணம் சொல்லினர். யான் வாய் திறந்திலேன். மரித்தோர் உயிர்த்தெழுதலைக் கூறும் இடம் சபையாருக்குக் கடந்துபோயிற்று. அரையடி பின்னால் வந்துகொண்டிருந்த ஆச்சி அவ்விடத்திற் குரல் கம்மி நின்றுவிட்டார்கள். மகனைப் புதைத்த தாயல்லவா? குருவானவர் காத்திருந்தார், சபை முழுதும் காத்திருந்தது. அச்சொற்களை அவர்களோடு சேர்ந்து முடித்தது யானே. அப்போது நம்பிச் சொன்னேனா என்று கேட்பின் என்னிடம் விடையில்லை. என்னால் நம்ப இயலாததை என்னைச் சூழ நின்றோர் எனக்காகத் தாங்கி நின்றனர் என்பது மட்டும் மெய்.

பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலில் கிறிஸ்தியான் வீட்டைவிட்டுத் தனியனாய் ஓடுகின்றான். ஆயின் மரண ஆற்றில் அவன் அமிழும்போது தலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு துணைவனை ஆசிரியர் வைத்திருக்கின்றார். தோமாவும் அப்படியே. கூட்டத்தில் இல்லாத நாளில் அவன் ஆண்டவரைக் காணவில்லை; எட்டு நாளைக்குப்பின், ஐயம் நீங்காமலே வந்து, மற்றச் சீடரோடு இருந்தபோது கண்டான். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தனவே. ஆயினும் சென்ற மே மாதம் ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், 'இந்நகரத்தில் என் இடத்தைத் தேடுவார் யார்?' என்று விடுதியிலேயே இருந்துவிட்டேன்.

நண்பர் வினவிய அவ்வாரத்து ஞாயிறன்று ஆலயஞ் சென்று, சென்ற ஆண்டு அமர்ந்த தூணண்டையிலேயே அமர்ந்தேன். அருகிலிருந்த முதியவர் ஒருவர் பாட்டுப் புத்தகத்தை என்பக்கம் நகர்த்தினார். ஆராதனை முடிந்ததும், "தம்பி, மூன்று மாதமாகக் காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்றார். "இல்லை ஐயா, ஊரிலேதான் இருந்தேன்" என்றேன். வேறு சொல்ல நா எழவில்லை.

அன்றிரவு நண்பரிடம் இதனையே என் விடையாகக் கூறினேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, "அப்பெரியவர் பெயர் என்ன?" என்று கேட்டார். யான் அதனைக் கேட்டறிந்திலேன்.