சம்பளமும் எடைக் கணக்கும்



ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் திரிசூலம். இறங்கினால் எதிரே விமான நிலையம். அதனாலோ என்னவோ, நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பலருக்கு விமானப் பணிப்பெண் வேலை மீது ஆசை. என்னிடம் படித்த ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "பொண்ணை அந்தப் பயிற்சியில சேர்க்கலாமா சார்? கொஞ்சம் பூசினாப்பல இருப்பா, எடுப்பாங்களா?" என்றாள். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த வேலையில் எடை நேராகச் சம்பளத்தில் கை வைக்கும். பறக்கும் நேரத்துக்குத் தரும் படிதான் வருமானத்தில் பெரிய பங்கு. தரைப்பணிக்கு மாற்றினால் அது நின்றுபோகும். எடை காரணமாகப் பறக்கவிடாததை எதிர்த்துப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில், 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. 2015இல் ஏர் இந்தியா, அவகாசம் கொடுத்தும் எடை குறையாத சுமார் 125 பேரைப் பறக்கும் பணியிலிருந்து விலக்க முடிவு செய்தது.

கணக்கு வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா? அந்த பி.எம்.ஐ.யைப் போட்டுப் பார்த்தேன். கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அன்றைய விதிப்படி பெண்ணுக்கு 22 வரை, ஆணுக்கு 25 வரை சரி. உயரம் 160 செ.மீ. என்றால் 1.6 × 1.6 = 2.56. அவளுக்கு 56 கிலோ சொச்சம்தான் எல்லை, அவனுக்கு 64. இருவரும் 60 கிலோ இருந்தால், அவன் சரி, அவள் கூடுதல்! ஆபத்து நேரத்தில் திறக்க வேண்டிய கதவு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

இந்த வாய்பாட்டுக்கு வித்திட்டவர் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் வாழ்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் தேடியது மக்கள் கூட்டத்தின் சராசரியை. வகுப்புச் சராசரியைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு மார்க் போடுவோமா?

அதனால் பெற்றோர்களே, பயிற்சிக் கட்டணம் கட்டும் முன் உயரம், எடை விதிகளை விமான நிறுவனங்களின் வேலை அறிவிப்பிலேயே படியுங்கள். சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, படி எவ்வளவு என்று விசாரியுங்கள். பிள்ளையைப் பட்டினி மட்டும் போடாதீர்கள்; எடை குறைக்கத்தான் வேண்டுமென்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

உங்களில் சிலர் இன்று ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் எந்த விதியும் இல்லாமலே கண் எடை போடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேலை தெரியுமா என்று மட்டும் பாருங்கள். அந்தச் சம்பளத்தை நம்பி ஒரு வீடு இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்