உப்பளச் சீமையின் வாட்டர் வாஷ் கடை

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடிச் சீமையில். அங்கே பைக் வைத்திருப்பவருக்குத் துருவோடு தீராத வழக்கு. அளத்துக்குப் போய்வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்றின் மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். நகக்கண் வெளுத்துவிட்டது.

அந்த வண்டி நின்றது சாலையோர வாட்டர் வாஷ் கடை ஒன்றில். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணாச்சி. சைலன்சரைத் தொட்டுப் பார்த்து, சூடு இறங்கும்வரை தண்ணீரைத் திறக்கவில்லை. போர் தண்ணீர் அங்கே உப்பு. சூட்டில் பட்டால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் படிந்துவிடும். அதனால் நுரையைக் கழுவ போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு லாரியில் வாங்கிய நல்ல தண்ணீர்.

“கழுவுததுக்குக் கால் மணி நேரம், காய வைக்கதுக்கு அரை மணி நேரம். நம்ம ஆளுக ரெண்டாவதுக்கு நிக்க மாட்டாங்க” என்றார்.

அந்த இரண்டாவது வேலையில்தான் அவருடைய கைவண்ணம். கம்ப்ரஸர் காற்றை போல்ட் தலைகள், ஸ்போக் நிப்பிள், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், சாவித் துவாரம் என்று சந்துசந்தாக அடிக்கிறார். துணி எட்டாத இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும். இரும்போடு நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தாலே போதும். உப்பு கலந்த நீரில் மின்னோட்டம் எளிது, அரிப்பும் விரைவு. பிறகு இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிடுகிறார். சைலன்சருக்குள் புகுந்த ஈரம் புகையோடு வெளியேற வேண்டுமே!

செயின் தனிக் கதை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் உருட்டியபடி பழந்துணியால் துடைக்கிறார். ஈரம் போனபின் இபி 90 கியர் ஆயில், கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் சொட்டுச்சொட்டாக. சக்கரம் சுழலும்போது எண்ணெய் வெளிப்பக்கம் தானே பரவும் என்பது கணக்கு. ஓ-ரிங் செயினென்றால் பெட்ரோலைக் கிட்டவே கொண்டுபோவதில்லை, மண்ணெண்ணெய்தான்.

“அண்ணாச்சி, டீசல் ஸ்பிரே கிடையாதா?” என்றார் அவசரத்தில் இருந்த ஓர் இளைஞர். பளபளப்புக்காகப் பல கடைகளில் அடிப்பதுதான். இவர் அடிப்பதில்லை. டீசல் பட்ட ரப்பர் உப்பும், புழுதி வந்து அப்பும். பளபளப்பு நாலு நாள்கூட நிற்காது. எண்ணெய்த் துணியை டிஸ்க்கிலும் பிரேக் ஷூ பக்கமும் அண்டவிடுவதில்லை. அங்கே ஈரம் போக, வண்டியை மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போதும்.

அவர் அதிகம் அஞ்சுவது முன்ஃபோர்க்கின் குரோம் குழாயில் விழும் புள்ளித் துருவுக்கு. ஏறி இறங்கும்போதெல்லாம் அது ஆயில் சீலைக் கிழிக்கும், எண்ணெய் கசியும். சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை, குழாயையும் மாற்ற வேண்டும். அதனால் அங்கே மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார்.

டீசல் கேட்டவர் ஈரவண்டியிலேயே ஏறிப் போய்விட்டார்.