இரண்டு மரபியல்கள்

மரபியல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வீடுகள் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் ஒன்று. பெற்றோரின் பண்புகள் பிள்ளைக்கு வந்து சேரும் வகையை ஆராயும் அறிவியல் துறை மற்றொன்று. கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கும் நாம் முதல் வீட்டுக்காரர். இரண்டாம் வீட்டில் நடப்பதைப் பற்றி உமக்கென்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவ்வீட்டின் சுவரை இடிக்க நம் வீட்டுக் கற்களையே சிலர் எடுத்துச் செல்கையில் வாளாவிருப்பது எங்ஙனம்?

2018 சனவரியில் ஒன்றிய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராயிருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறானது, குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் எவரும் கண்டதாகச் சொல்லவில்லை, பள்ளிப் பாடத்தில் இது மாற்றப்படவேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுப்பறிக்கை வெளியிட்டன. 2019 சனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர், டார்வினைவிடத் தசாவதாரமே சிறந்த விளக்கம் என்றார்.

பேச்சு காற்றோடு போகும், பாடநூல் அப்படியன்று. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம், 2023இல் வந்த பதிப்பில் ‘மரபு’ என்று மட்டும் நின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் சுமை குறைப்பதாகத் தொடங்கிய நீக்கம் நிலைபெற்றுவிட்டது. அறிவியலாளரும் ஆசிரியரும் கல்வியாளருமாக 1,800 பேருக்கு மேல் கையொப்பமிட்டு எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் இருக்கிறதே என்று அரசுத் தரப்பு விடையளித்தது. இருக்கிறது, ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டு வணிகவியலுக்கோ கணினிக்கோ செல்லும் பிள்ளை அதை எங்கே காணும்?

திண்டுக்கல் சாலையில், வைகைக் கரையை ஒட்டியிருக்கும் நமது பரவையில் இதைக் கண்ணெதிரே கண்டோம். அவ்வாண்டில் நம் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர். அரசுப் பள்ளிக்கு நடந்து சென்ற பெண்ணின் மாநிலப் பாடநூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக இருந்தது. பெருங்கட்டணம் செலுத்தி வேன் ஏறிச் சென்ற பையனின் புத்தகத்தில் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய கல்வியில் பக்கம் குறைந்திருந்ததை அவன் தந்தையார் அறியார். நாம் சொன்னபோது, “பரீட்சைக்கு வராதுன்னா விடுங்க சார்” என்றார்.

இனி நம் வீட்டுக் கற்களுக்கு வருவோம். மரபியலை நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவராவது எழுந்து, “ஐயா, டார்வினுக்கு முன்னாடியே தொல்காப்பியர் சொல்லிட்டார்ல?” என்று கேட்பதுண்டு. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை முதலியன ஈரறிவு, எறும்பு முதலியன மூவறிவு என ஏறி, மனிதருக்கு மனத்தைச் சேர்த்து ஆறறிவு என்பது அவ்வியலின் பகுப்பு. உற்றுநோக்கி வகுத்த வகைப்பாடு, வியக்கத்தக்கது. ஆனால் ஓருயிர் இன்னோர் உயிரினமாகத் தலைமுறை தலைமுறையாய் மாறியது என்று அது சொல்லவில்லை. சொல்லாததைத் தொல்காப்பியர் வாயில் திணிப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

மதுரைக்கு அருகே திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரையும் இவ்வழக்கில் சாட்சிக்கு அழைப்பர். சிவபுராணத்தின் பிறவிப் பட்டியலில் பாம்பையடுத்துக் கல் வருகிறது. மனிதரையடுத்துப் பேய் வருகிறது. ஓருயிர் பல பிறவி எடுத்துக் களைத்த களைப்பு அது. அக்களைப்பை உயிரியல் பாடமாக்கினால் உயிரியலும் கெடும், திருவாசகமும் கெடும்.

எவரும் கண்டதில்லை என்னும் வாதத்துக்குத் தமிழாசிரியரிடமே விடை உண்டு. தமிழிலிருந்து மலையாளம் பிரிந்ததை எவர் கண்டார்? ஒருநாள் இரவு தமிழ் பேசிப் படுத்த தாய், மறுநாட் காலை மலையாளம் பேசும் பிள்ளையைக் கண்டு திகைத்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் முந்தைய தலைமுறையோடு தடையின்றிப் பேசிற்று. நெடுங்காலம் கழித்துப் பார்க்கையில் மொழிகள் இரண்டு. தெலுங்கு தமிழின் மகளன்று. இரண்டுக்கும் பொதுவான மூதாய் ஒருத்தி இருந்தாள் என்பது மொழியியலார் துணிபு. குரங்கும் மனிதரும் அத்தகைய உறவினரே. இன்றைய குரங்கு மனிதனாயிற்று என்று எந்த அறிவியலாரும் சொல்லவில்லை. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856. டார்வினின் நூல் 1859. மூன்றாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு நூல்களில் முன்னதைக் கொண்டாடிப் பின்னதை மறுப்பது என்ன நேர்மை?

மேலும், பரிணாமம் பழங்கதையுமன்று. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி ஒரு மருந்துக்கு மடிகையில், மடியாத சில எஞ்சிப் பெருகுகின்றன. சில ஆண்டுகளில் அம்மருந்து பயனற்றுப் போகிறது. காசநோய்க் கிருமியும் மருந்துகளை இவ்வாறே வெல்கிறது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர் என்று மருத்துவர் வற்புறுத்துவதன் காரணம், நீக்கப்பட்ட அப்பக்கங்களில்தான் இருந்தது. மருந்து தெளிப்பவரும் மாத்திரை விழுங்குபவரும் உயிரியல் பட்டதாரிகள் அல்லர். பத்தாம் வகுப்போடு நின்றவர் அவர்களுள் பலர். அவர்களுக்கு அது பரீட்சைப் பாடமன்று.

அப்படியாயின் இரண்டையும் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்பது நயமாய்த் தோன்றும் மற்றொரு வாதம். அமெரிக்காவில் இவ்வாதம் நீதிமன்றம் ஏறிற்று. படைப்புக் கொள்கையைப் பரிணாமத்தோடு சேர்த்துக் கற்பிக்கக் கட்டாயப்படுத்திய மாநிலச் சட்டத்தை 1987இல் உச்சநீதிமன்றம் நீக்கியது. பெயரை மாற்றி ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என வந்ததையும், அறிவியலன்று என 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கு விலக்கிற்று. சான்று கண்டால் மாற்றிக்கொள்ள இசையும் கூற்றே அறிவியல் வகுப்புக்கு உரியது. நம்பிக்கை அவ்வாறு மாற இசைவதில்லை. இசையவேண்டிய தேவையும் அதற்கில்லை.

எனில் படைப்புக் கதைகளுக்கு இடமே இல்லையா? உண்டு, நம் வகுப்பறையில். வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகள் ஒவ்வொருவரின் கூற்றையும் கேட்கிறாள். உலகம் தேவன் இட்ட முட்டை என்கிறான் பிரமவாதி. பூதங்களின் சேர்க்கையால் உணர்வு பிறக்கும் என்கிறான் பூதவாதி. ஆண்டுதோறும் அக்காதையை நடத்துகிறோம். சைவரும் கிறித்தவரும் இசுலாமியரும் அடுத்தடுத்து அமர்ந்து கேட்கின்றனர். எவர் நம்பிக்கையும் குலைந்ததில்லை. மனிதர் தம் பிறப்பை எப்படியெல்லாம் எண்ணிப் பார்த்தனர் என்பதை அங்கே கற்கலாம். அவ்வெண்ணங்களுள் எதற்குச் சான்றுண்டு என்பதை அடுத்த அறையில் கற்கட்டும்.

இலங்கைத் தமிழர் பரிணாமத்தைக் கூர்ப்பு என்பர். உள்ளது மிகுதலைக் குறிக்கும் பழஞ்சொல் அது. தொல்காப்பிய உரியியலில் இருக்கிறது. பெயரளவிலேனும் நம் முன்னோர் டார்வினுக்குத் தரத்தக்கது அதுவே; அது போதும்.

புதிய பாடத்திட்ட நூல்கள் வகுப்பு வகுப்பாக வரும் காலம் இது. நண்பர்கள் தத்தம் பிள்ளைகளின் அறிவியல் நூலை வாங்கி, பொருளடக்கத்தை ஒருமுறை பார்க்கட்டும். ‘மரபு’ தனியே நின்றால், அதனோடு இருந்த மற்றொரு சொல் எங்கே என்று பள்ளியில் கேட்கட்டும்.